குதிரைக்கு ஏன் சிமென்டு?

சென்ற ஆடிச் சாரலில் குற்றாலம் போயிருந்தேன். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பும் வழியில், கீற்றுப் பந்தல் ஒன்றின் கீழ் மண்பாண்டம் பரப்பி உட்கார்ந்திருந்தாள் ஒரு கிழவி. உடன் வந்த நண்பர் பெரிய கலா ரசிகர். சாண் உயர மண் குதிரை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அற்புதம்!" என்றார். விலை கேட்டார். முந்நூறு ரூபாய். அந்தக் கணமே அற்புதத்தின் மாற்றுக் குறைந்துவிட்டது!

"நூறு ரூபாய் தருகிறேன். அது சரி, உடையாமல் எத்தனை நாள் இருக்கும்?"

"உடையாம இருக்கதுக்கா அய்யா மண்ணுல செய்யுதோம்? சாமிக்கு வைக்க குதிரையே ஒருநா மண்ணாத்தான் போவும். அடுத்த கொடைக்கு வேற செய்வோம்."

நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்தில் அய்யனாருக்குப் புரவி எடுப்பு நடப்பதை வாசகர்களில் சிலர் பார்த்திருக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அவர் விரதமிருந்து குதிரை வனைவார். சூளையில் சுட்டு வண்ணம் தீட்டுவார். கடைசியில் கண் திறந்த பிறகுதான் அது தெய்வத்தின் வாகனம். ஊரே அதைத் தோளில் சுமந்து போய்க் கோயிலில் நிறுத்திவிட்டு வரும். அதன்பின் மழைக்கும் வெயிலுக்கும் அதை விட்டுவிடுவார்கள். செப்பனிடுவதில்லை. சிதைந்தால் மறுபடியும் பிடிமண், மறுபடியும் குதிரை. முளைப்பாரியை ஆற்றிலே கரைப்பதும், கொள்ளிக்குடத்தை மயானத்தில் உடைப்பதும் இதே கணக்குத்தான். உடைவது குறையல்ல, உடைவதுதான் சடங்கு. உடைவதனால்தான் ஊருக்கு வேளார் வேண்டும். வேளாருக்கு ஊர் வேண்டும்.

இந்தக் கணக்கில் சிமென்டைக் கொண்டுவந்து கொட்டினோம். "நிரந்தரமாக இருக்கட்டும்" என்றோம். குதிரை நிரந்தரமாகிவிட்டது, குயவர் வீட்டுச் சக்கரம் நின்றுவிட்டது.

குளத்து மண் கிடைப்பதில்லை, செய்ய ஆளில்லை, ஆகவேதான் சிமென்டு என்பார்கள். ஆள் ஏன் இல்லை ஐயா? முந்நூறு ரூபாய்ப் பொருளை நூறு ரூபாய்க்குக் கேட்டால் எந்தப் பிள்ளை அப்பன் தொழிலுக்கு வருவான்?

வெளிநாட்டுக்காரர் செய்தால்தான் நமக்கு ஒன்று உறைக்கும் என்பதால் ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் அரிசோனா பாலைநிலத்தில் ஹோப்பி என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாம்பேயோ என்ற பெண்மணி, பாழடைந்த சிக்யாட்கி ஊரின் பழைய ஓடுகளில் கண்ட கோலங்களைத் தம் பானைகளில் மறுபடியும் எழுதினார். 1942-ல் அவர் காலமானார். அவர் வழிவந்தவர்கள் இன்றும் வனைகிறார்கள்; செதுக்குகிறார்கள்; பானையின் அடியில் தங்கள் பெயரையும் பொறிக்கிறார்கள். அந்தப் பெயருக்கு உலகம் விலை கொடுக்கிறது. அதே ஹோப்பிகள், தங்கள் சடங்குக்குரிய புனித முகமூடிகளைப் பாரிஸில் ஏலம் போட்டபோது, 2013-ல் நீதிமன்றம் வரை போனார்கள். வழக்கில் தோற்றார்கள், ஆனால் விற்பதற்கு உரியது எது, விற்கக் கூடாதது எது என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள்.

நாம் இரண்டையும் தலைகீழாக வைத்திருக்கிறோம். விற்பனைக்கு வந்த பானையைப் பேரம் பேசுகிறோம். விலையில்லாத சடங்கைக் கொத்தனாருக்குக் குத்தகை விடுகிறோம்.

எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று சொல்ல வேண்டுமல்லவா? பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் போகும் சாஸ்தா கோயிலிலும் இரண்டு சிமென்டுக் குதிரைகள் பளபளவென்று நிற்கின்றன. பீடத்தில் உபயதாரர் பட்டியல் இருக்கிறது. அதில் மூன்றாவது பெயர் என்னுடையது.

கிழவி கேட்ட முந்நூறு ரூபாயைக் கொடுத்து அந்தக் குதிரையை நானே வாங்கினேன். வீட்டில் கண்ணாடி அலமாரியில் வைக்கவில்லை. சாஸ்தா கோயிலில், மழை படும் இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். அது கரைந்ததும் மறுபடியும் அந்தப் பந்தலுக்குப் போவேன்.