சினிமாக் குத்து

சினிமாவில் வரும் குத்துச் சண்டையை நம்பிக்கொண்டு நிஜச் சண்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பெரிய ஏமாற்றம் அடைவார்கள். கோதாவில் இறங்கிய இருவரும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி வருவார்கள். இடது கையை நீட்டி நீட்டி ஆழம் பார்ப்பார்கள். விட்ட குத்துக்களில் பெரும்பாலானவை எதிரியின் கையுறையிலோ, தோளிலோ, வெறுங்காற்றிலோ போய் விழும். களைத்துப் போனால் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மத்தியஸ்தர் வந்து பிரித்துவிட வேண்டும். குத்துச் சண்டை என்பது முக்கால் பங்கு, குத்து வாங்காமல் இருக்கும் வித்தை.

சினிமாவில் இந்த வித்தைக்கு இடமே இல்லை. விட்ட குத்தெல்லாம் முகத்தில்தான் விழுகிறது. கதாநாயகன் ஒரே சுற்றில் வாங்கும் குத்துக்களை நிஜ மனிதன் வாங்கினால், அடுத்த சுற்றுக்கு மணி அடிக்க வேண்டிய அவசியமே இராது! உண்மையில் நடிகரின் கை எதிராளியின் முகத்தைத் தொடாமல் கடந்து போகிறது. இடைவெளி தெரியாத கோணத்தில் காமிராவை வைக்கிறார்கள். சத்தத்தைப் பிற்பாடு சேர்க்கிறார்கள். 1980-ல் வெளியான 'ரேஜிங் புல்' படத்தில் நம்மை நடுங்கச் செய்யும் அந்த ஓசைகளில் முலாம்பழமும் தக்காளியும் நசுங்கிய ஓசையும் உண்டாம்.

இதையெல்லாம் குற்றமென்று சொல்ல மாட்டேன். நாடக மேடையில் அட்டைக் கத்தி செய்யும் வேலையை இங்கே தக்காளி செய்கிறது, அவ்வளவுதான். குத்தைப் பொய்யாகக் காட்டலாம். குத்தியவனையே பொய்யாகக் காட்டலாமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்கக் குத்துச் சண்டை வீரர் மாக்ஸ் பேயரின் கதை இதற்குப் பொருத்தமானது. 1933-ல் அவரும் இத்தாலிய ராட்சஸர் பிரிமோ கார்னெராவும் ஒரு படத்தில் சண்டையிட்டு நடித்தார்கள். அப்போது கார்னெரா உலகச் சாம்பியன். படத்தில்கூடத் தோற்க அவருக்குச் சம்மதமில்லை. ஆகவே படத்துச் சண்டை வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மறு வருஷம் ஜூன் மாதம் இருவரும் நிஜமாகவே மோதினார்கள். கார்னெரா சுமார் 11 தடவை கீழே விழுந்து எழுந்தார். பதினோராவது சுற்றில் சண்டையை நிறுத்திவிட்டார்கள். பட்டம் பேயருக்குப் போயிற்று.

ஆனால் பேயரைத் தொடர்ந்து வந்தது வேறொரு சண்டையின் நிழல். 1930-ல் அவருடன் மோதிய பிராங்கி காம்ப்பெல், வாங்கிய அடியினால் மறுநாள் மாண்டு போனார். 1932-ல் பேயரிடம் பலத்த அடி வாங்கிய எர்னி ஷாப் என்பவர், சில மாதங்களுக்குப் பின் கார்னெராவுடன் மோதியபின் இறந்தார். இந்தச் சம்பவத்தின் சாயலை 1956-ல் 'தி ஹார்டர் தே பால்' என்ற படத்தில் வைத்தார்கள். "அவன் சாவுக்குக் காரணம் நான்தான், பெயரை இன்னொருவன் தட்டிக்கொண்டு போகிறானே!" என்கிற மாதிரிப் பொருமும் ஒரு முரட்டு வீரனின் வேஷம் அதில் உண்டு. அந்த வேஷத்தைப் போட்டவர் யார்? சாக்ஷாத் மாக்ஸ் பேயரேதான்! பிழைப்புக்காகப் போட்டாரோ, வேறு என்ன நினைத்துப் போட்டாரோ!

1959-ல் பேயர் காலமானார். 2005-ல் 'ஸிண்டரெல்லா மான்' வந்தது. 1935-ம் வருஷம் ஜூன் 13-ந் தேதி பேயரை வென்று பட்டம் பெற்ற ஜேம்ஸ் பிராடாக்கின் கதை அது. ஏழ்மையில் துறைமுகக் கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்த பிராடாக், போற்றத்தக்க மனிதர்தான். ஆனால் நல்லவர் ஒருவர் வந்துவிட்டால், கெட்டவர் ஒருவரும் வேண்டுமே! படத்துப் பேயர், கொன்றதை எண்ணிக் கர்வப்படுகிறார். பிராடாக்கின் மனைவியிடம் அவள் விதவையாகப் போவதாகப் பரிகசிக்கிறார். பேயரின் மகன், தம் தகப்பனார் அப்படிப்பட்டவரே அல்ல என்றும், காம்ப்பெல்லின் மரணத்தை எண்ணி வெகு காலம் வருந்தியவர் என்றும் ஆட்சேபித்தார். மாண்டவரால் வேறு எப்படிப் பதில் சொல்ல முடியும்?

அன்றைய நிஜச் சண்டையும் படமாக இருக்கிறது. 15 சுற்றுக்கள். யாரும் கீழே விழவில்லை. பிராடாக் பொறுமையாக இடது கையை நீட்டி நீட்டிப் புள்ளிகள் சேர்க்கிறார். பேயரோ நடுநடுவே கோமாளித்தனம் பண்ணிக்கொண்டு, கையிலிருந்த பட்டத்தைச் சுற்றுக்குச் சுற்று கோட்டை விடுகிறார்.