பகோடாவைப் பார்த்துப் பூரிக்கும் நண்பர்களுக்கு

வகுப்பு நண்பன் ஒருவன் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். பிரான்ஸில் போர்தோ பக்கம், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே பகோடா கோபுரங்கள் வைத்த ஒரு கட்டடம். "நம்ம கலாச்சாரம்டா!" என்று ஒரே பூரிப்பு. மகாலிங்கசுவாமி கோயில் கோபுரத்தைத் தினமும் பார்க்கிற திருவிடைமருதூர்க்காரனுக்குச் சிரிப்புதான் வந்தது.

கதை இதுதான். தோட்டத்தின் பெயர் கோஸ் தெஸ்தூர்னெல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்த லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல், தன் சிவப்பு ஒயினை இந்தியா வரை கப்பலில் அனுப்பி விற்றவர். விற்காமல் திரும்பிய ஒயினுக்குக் கடல் பயணத்தில் ருசி கூடியிருந்ததாம். 'இந்தியா போய் வந்தது' என்று சொல்லி அதையும் விற்றார். கிடங்கின் மேல் பகோடா, வாசலுக்கு சான்சிபாரிலிருந்து ஒரு கதவு. ஆக, அங்கே நாம் ஒரு விளம்பரப் பலகை. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

பார்க்க வேண்டியது பாட்டிலில் ஒட்டிய சீட்டை. மனிதர் கடனில் மூழ்கி 1852இல் தோட்டத்தை விற்றார், அடுத்த வருடமே இறந்தார். 1855இல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது அவர் தோட்டம் இரண்டாம் வரிசையில் நின்றது. ஆள் போனார், பெயர் நின்றது. அந்த ஊர் சாந்த் எஸ்தெஃப். 1936 முதல் அந்தப் பெயரை வேறு ஊர் ஒயினில் போடச் சட்டம் விடுவதில்லை.

இங்கே ஆள் நிற்கிறார், பெயர் போகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு இரண்டே பெயர்: சன்ன ரகம், பொது ரகம். மூட்டை கட்டியதும் எங்கள் ஊர் நெல்லும் திருத்துறைப்பூண்டி நெல்லும் ஒன்று. பொன்னி என்றால் காவிரி. ஆனால் காவிரியையே பார்க்காத வயலில் விளைந்தாலும் அது பொன்னி அரிசிதான்.

"ஒயின் பணக்காரன் சரக்கு, அரிசி ஏழை சோறு, ஒப்பிடலாமா?" என்பீர்கள். ரேஷனுக்குப் போகும் நெல் போகட்டும், அது தேவை. ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவும் கிச்சிலிச் சம்பாவும் போடுகிறவர் தன் ஊர்ப்பெயரோடு பை கட்டி விற்க வழி வேண்டாமா? பக்கத்துத் திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல். வெற்றிலைக்கு முடிந்தது நெல்லுக்கு ஏன் முடியாது?

அடுத்த முறை அரிசி வாங்கும்போது பையைத் திருப்பிப் பாருங்கள். எந்த ஊர் வயல் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாது. அதுதான் நம் அவமானம்.

(நான் ஒயின் தொட்டதில்லை. வீட்டில் யாரும் பதற வேண்டாம் :-))