தேனிக்கு ஓர் உளவியல் துறை வேண்டும்

தேனி பஸ் நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். "இரும்பு இருந்தா குடுங்கப்பா" என்று ஒரு குரல் எழும். யாரோ ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து, விறைத்த விரல்களுக்குள் திணிப்பார். மூளையின் நரம்பணுக்களில் மின்துடிப்பு தாறுமாறாகக் கிளம்புவதால் வருவது வலிப்பு. பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே அடங்கிவிடும். இரும்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். ஓடிவந்து உதவும் மனது நம் மக்களிடம் நிறையவே இருக்கிறது. அந்த மனதுக்குத் துணையாக வர வேண்டிய அறிவுதான் இன்னும் ஊர் வந்து சேரவில்லை.

மூளையையும் மனதையும் பற்றிய அந்த அறிவைப் பெற விரும்பும் நம் பிள்ளைகளுக்கு இருந்த ஒரு வாசலும் இப்போது அடைபட்டிருக்கிறது. உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளை 2025 ஜூலை - ஆகஸ்ட் பருவம் முதல் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. முடிவு சரியானதே. எதிரில் உட்கார்ந்து அழும் மனிதரை எப்படிக் கேட்பது என்பதை அஞ்சலில் வரும் புத்தகம் கற்றுத்தராது. ஆனால் தோட்ட வேலைக்கும் கடை வேலைக்கும் போய்க்கொண்டே படித்தவர்களுக்கு அஞ்சல்வழிதான் கைக்கு எட்டிய ஒரே வழியாக இருந்தது. சென்னையிலோ கோவையிலோ விடுதி எடுத்துப் படிக்க எல்லா வீட்டிலும் வசதி இருக்காது. ஆகவே, தேனி மாவட்டத்து அரசுக் கல்லூரியில் அரசுக் கட்டணத்தில், தமிழ்வழியில், முழுநேர உளவியல் துறை தொடங்கப்பட வேண்டும். தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையோடு கைகோத்து அது இயங்க வேண்டும். மாநில அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கை இதுதான்.

இது ஏதோ ஆடம்பரப் படிப்பு என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு நிலைமை கடுமையானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். ஒரு லட்சம் பேருக்கு இந்திய சராசரி 12.4, நம் மாநிலத்தில் 25.9. பொருளாதாரத்திலும் கல்வியிலும் முன்னே நிற்கும் மாநிலம் இதில் நாட்டின் சராசரியைவிட இரண்டு மடங்கில் நிற்பது வேதனை. 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. நோயின் தன்மையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை.

எண்களை விட்டு ஊருக்குள் வருவோம். விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அவர்களில் ஒருவர் மருத்துவரிடம் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "நெஞ்ச அடைக்குது", "வயித்தப் பெசையுது", "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல" என்பார். ஓர் ஊசியும் சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு மறுநாள் மீண்டும் ஜீப் ஏறுவார். திராட்சை விலை சரிந்த வாரத்தில் விவசாயி "தலை கிறுகிறுங்குது" என்று சொல்வதும் அப்படித்தான். இந்தப் பேச்சுக்குள் இருக்கும் துயரத்தைப் பிரித்தறிய, ஆங்கிலக் கேள்வித்தாளை மொழிபெயர்த்து எடுத்துவரும் வெளியூர்க்காரரைவிட, சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ பிறந்து, உளவியலை முறையாகக் கற்ற பிள்ளைக்கு எளிதில் முடியும். தமிழ்வழியை நாம் வலியுறுத்துவது அதனால்தான். துயரம் எந்த மொழியில் பேசுகிறதோ, அதைக் கேட்கும் படிப்பும் அந்த மொழியில் இருக்க வேண்டும்.

"படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை. இளநிலைப் பட்டத்தோடு யாரும் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு மேற்படிப்பும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவும் வேண்டும். ஆனால் மாவட்ட மனநலத் திட்டம், பள்ளிகள், குடிநோய் மீட்பு மையங்கள் என்று எங்கும் பயிற்சி பெற்ற ஆள் தேவைப்படுகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையும் தமிழில் பேசத் தெரிந்த ஆலோசகர்களை நம்பியே நடக்கிறது. மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையை நிறைவேற்ற ஆள் வேண்டுமானால் அரசு பணியிடங்களையும் உருவாக்கியாக வேண்டும்.

"சின்ன ஊரில் இதெல்லாம் நடக்குமா?" என்ற ஐயத்துக்குப் பதில் தேனியிலேயே இருக்கிறது. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-இல் தேனிக்கு வந்தது. கண் மருத்துவர் மட்டும் போதாது என்று உணர்ந்த அந்த நிறுவனம், கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டுப் பயிற்சி தந்து, பார்வைப் பரிசோதனை முதல் அறுவை அரங்க உதவி வரை அவர்கள் கையில் ஒப்படைத்தது. கண்ணுக்குச் செய்ததை மனதுக்கும் செய்யலாம். கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1980-களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் மனநலப் பயிற்சி தந்து பார்த்தது. அதுவே பின்னர் நாடு முழுவதற்குமான மாவட்ட மனநலத் திட்டத்துக்கு முன்மாதிரி ஆயிற்று. ஒரு மாவட்டம் நாட்டுக்கே வழிகாட்ட முடியும்.

உளவியலோடு சேர்த்துப் படிக்க வேண்டிய மூளை அறிவியல் என்றாலே கோடிக்கணக்கில் ஆய்வகம் வேண்டும் என்ற எண்ணமும் பழையதாகிவிட்டது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் மனித மூளையின் 5,132 நுண்வெட்டுப் படங்களை 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகம் முழுவதும் இலவசமாகப் பார்க்கத் திறந்துவிட்டது. இணைய வசதியும் சொல்லித்தர ஓர் ஆசிரியரும் இருந்தால், வீரபாண்டியில் உட்கார்ந்திருக்கும் மாணவியும் அந்தப் படங்களை நுணுக்கமாகப் பார்த்துக் கற்கலாம்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. இப்பகுதிக் கல்லூரிகள் இணைந்துள்ள, நிதி நெருக்கடியில் இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தலையில் சுமத்தாமல், ஆசிரியர் பணியிடங்களுக்கான செலவை அரசே ஏற்க வேண்டும். மாணவர்கள் வாரத்தில் ஒரு நாள் கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் களப்பயிற்சி பெற வேண்டும். மூளையின் அமைப்பு, தூக்கம், நினைவாற்றல், பக்கவாதம், வலிப்பு ஆகியவை முதலாண்டிலேயே பாடமாக வேண்டும். தமிழில் தரமான பாடநூல்களைத் தமிழ்நாடு பாடநூல் கழகம் வெளியிட வேண்டும்.

துறை வந்து, பிள்ளைகள் படித்து வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை மனம் தாங்காத நிலையில் இருப்பவர்கள் தனித்துத் தவிக்க வேண்டாம். டெலிமானஸின் 14416, மாநில சுகாதார உதவி எண்ணான 104 ஆகியவற்றை எந்த நேரத்திலும் அழைக்கலாம். ஆனால் அந்தப் பல ஆண்டுகளின் கணக்கு, முதல் வகுப்பு தொடங்கும் நாளிலிருந்துதான் ஓடும். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் ஓர் அணி ஆலோசகர்களை நாம் இழக்கிறோம். அடுத்த கல்வியாண்டின் புதிய பாடப்பிரிவுகளை அரசு அறிவிக்கும்போது, உளவியலுக்கு நேராகத் தேனியின் பெயர் இருக்க வேண்டும். மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் ஒரே குரலில் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.