போதும் இந்தப் பேய் பங்களாக்கள்

ஊருக்கு வெளியே ஒரு ஜமீன் பங்களா. அதை விற்பதற்கோ, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதற்கோ ஒரு பெரிய குடும்பம் வந்து இறங்குகிறது. ஓர் அறையை மட்டும் திறக்க வேண்டாம் என்கிறார் வேலைக்காரர். திறக்கிறார்கள். இடைவேளைவரை நகைச்சுவை நடிகர்கள் அலறி ஓடுகிறார்கள். இடைவேளைக்குப் பின் ஒரு பிளாஷ்பேக். அதில் ஒரு பெண் கொல்லப்படுகிறாள். முடிவில் திருவிழா, உடுக்கை, மந்திரவாதி, கிராபிக்ஸ் நெருப்பு. கெட்டவன் சாகிறான், வீடு சுத்தமாகிவிடுகிறது.

2014-இல் ‘அரண்மனை’ வெளிவந்து வசூலித்ததிலிருந்து தமிழ் சினிமா இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப எடுக்கிறது. பெயரை மாற்றி எடுக்கிறது. பெயரைக்கூட மாற்றாமல் பின்னால் வரும் எண்ணை மட்டும் மாற்றியும் எடுக்கிறது. பார்ப்பவருக்குப் பயமும் வருவதில்லை, மனமும் கலங்குவதில்லை. இந்தப் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம். தயாரிப்பாளர்களும் இயக்குநர்களும் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

பேய் உண்டா இல்லையா என்பது இங்கே வழக்கல்ல. பேய்ப் படமே கூடாது என்பதும் நம் கட்சியல்ல. வீட்டுப் பேயின் கதைக்குத் தனிக் கனம் உண்டு என்பதே நம் வாதம். காட்டுப் பேய்க்குப் பயந்தவன் ஓடிவந்து வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். பேய் வீட்டுக்குள்ளேயே இருந்தால் அவன் எங்கே ஓடுவான்? அந்தப் பேயும் அந்நியமல்ல. அந்த வீட்டில் வாழ வந்து, அந்த வீட்டாராலேயே அழிக்கப்பட்ட உயிர் அது. செய்தவர் யார், கண்டும் வாய் திறக்காமல் இருந்தவர் யார், அந்தச் சொத்தில் இன்றுவரை உட்கார்ந்து சாப்பிடுகிறவர் யார் என்று கேட்க வந்தது. அந்தக் கேள்வி குடும்பம் முழுவதையும் நோக்கியது. அதை ஒற்றை வில்லன் தலையில் கட்டிவிட்டு மற்ற எல்லோரையும் தப்பவிடுவதுதான் இன்றைய பேய் வீட்டுப் படங்கள் செய்யும் முதல் குற்றம்.

நம் நாட்டார் மரபு இப்படித் தப்பவிட்டதில்லை. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதையைப் பாருங்கள். கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி, பழி தீர்க்கக் கையில் குழந்தையோடு வந்து நிற்கிறாள். மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைக் காட்டி, இவன் என் கணவன் என்று ஊரவையில் முறையிடுகிறாள். இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று அவன் கதறுகிறான். அவையில் இருந்த எழுபது வேளாளர்களும் அவன் சொல்லை நம்பவில்லை. உனக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து, அவளோடு தங்கவைக்கிறார்கள். விடிவதற்குள் அவன் செத்துக் கிடக்கிறான். எழுபது பேரும் தீயில் இறங்கிச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள். நீலியின் பழி ஒருவனோடு நிற்கவில்லை. தீர்ப்புச் சொன்ன அவை முழுவதும் விலை கொடுத்தது. வீட்டில் இறந்த பெண்களை வட மாவட்டங்களில் பூவாடைக்காரியாகவும் தெற்கே கன்னித் தெய்வமாகவும் வணங்கிப் புதுச்சேலை வைத்துப் படைக்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. இறந்தவளை விரட்டாமல், அவளுக்குக் கடன்பட்டவர்களாக நிற்கும் வழக்கம் அது. இவ்வளவு பெரிய செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளை லென்ஸ் கண்ணையும் விரித்த கூந்தலையும் காட்டிப் பிழைப்பது வெட்கக்கேடு.

தமிழ் சினிமாவுக்கும் இது தெரியாததல்ல. ஸ்ரீதர் 1963-இல் எடுத்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’, ஜமீன் வீட்டுப் பிள்ளை ஓர் ஏழைப் பெண்ணை நேசித்ததைத் தாங்காத குடும்ப ஆணவத்தைப் பிறவி கடந்தும் துரத்தியது. அதற்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட், மறு ஆண்டே வைக்கம் முகம்மது பஷீரின் எழுத்தில் ‘பார்கவி நிலையம்’ என்ற மலையாளப் படத்தை இயக்கினார். பேய் வீட்டில் குடியேறும் எழுத்தாளன் அதில் மந்திரவாதியைத் தேடிப் போகவில்லை. இறந்தவளின் கதையை எழுத உட்காருகிறான். அறுபது ஆண்டுகளுக்கு முன் இருந்த அந்தப் பொறுப்பு இன்று எங்கே போயிற்று?

பெயர் சொல்லியே கேட்போம். 2016 ஜனவரியில் ‘அரண்மனை 2’ வந்தது. குடும்ப மானத்தின் பெயரால் வீட்டுப் பெண்ணே கொல்லப்படுவதுதான் அதன் கரு. அதே ஆண்டு மார்ச் 13 அன்று, சாதி கடந்து மணந்ததற்காக ஒரு தலித் இளைஞர் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பலர் பார்க்க வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியும் வெட்டுப்பட்டார். தமிழ்நாட்டின் நடுவீட்டில் நிற்கும் பேய் எது என்று அந்த மாதம் எல்லோருக்கும் தெரிந்தது. அதைக் கையில் எடுத்த படமோ அதைப் பின்பாதிப் பிளாஷ்பேக்குக்குள் அடக்கிவிட்டு, மீதி நேரத்தைப் பாட்டுக்கும் நகைச்சுவைக்கும் கவர்ச்சிக்கும் கொடுத்தது. ஆணவக்கொலையைக் கருவாக எடுத்துக்கொண்டவர்கள் அதன் கனத்தைச் சுமக்க மறுத்தார்கள். நாம் கண்டிப்பது அந்த மறுப்பை. 2024-இல் வந்த நான்காம் பாகம் அசாமிய நாட்டார் நம்பிக்கையிலிருந்து ‘பாக்’ என்னும் உருமாறும் பேயைக் கொண்டுவந்தது. பிள்ளைகளைக் காக்கப் போராடும் ஒரு தாயும் கதையில் இருந்தாள். விதை புதிது. அதை ஊன்றியது அதே பழைய நிலத்தில்: அதே காமெடி டிராக், அதே கோயில் கிளைமாக்ஸ், அதே கிராபிக்ஸ்.

‘சந்திரமுகி’க்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது. 1993-இல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’, ஒரு பழைய வீட்டின் இருட்டுக்குள் போய், அங்கே பேயைக் காணாமல் காயப்பட்ட ஒரு பெண்ணின் மனத்தைக் கண்டது. ஷோபனாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த அந்தப் பாத்திரத்தைப் பி. வாசு 2005-இல் தமிழுக்குக் கொண்டுவந்தார். கங்கா என்ற அந்தப் பெண்ணின் நோயை ஒரு மனநல மருத்துவர் புரிந்துகொண்டு தீர்ப்பதை, ரஜினிகாந்தின் நடிப்பில் தமிழகம் முழுவதும் பார்த்தது. ‘பேய் பிடித்தவள்’ என்று ஒதுக்கப்படும் பெண்ணுக்கு வேண்டியது வைத்தியமும் பரிவும் என்று ஒரு வணிகப் படம் கோடிக்கணக்கானோருக்குச் சொன்னது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே இயக்குநர் அதே பெயரில் இரண்டாம் பாகம் எடுத்தார். அதில் சந்திரமுகி உண்மையான பேய். குலதெய்வ வழிபாட்டுக்கு வந்த குடும்பத்துப் பெண்ணின் உடலில் ஏறுகிறாள். அவளுடைய பழைய பகைவனான மன்னன் வேட்டையனின் ஆவியும் எழுந்து வருகிறது. முதல் படம் அரும்பாடுபட்டுச் சொன்னதை இரண்டாம் படம் அழித்துவிட்டது. ஒரு படத்தின் பெயரை வைத்துக்கொண்டு அதன் பொருளைக் கொல்வது, அதை நேசித்த பார்வையாளருக்குச் செய்யும் துரோகம்.

இது வெறும் ரசனைப் பிரச்சினை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களை அடைத்து வைத்திருந்த ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. 28 பேர் வெந்து இறந்தார்கள். ஓடித் தப்ப முடியாதபடி அவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். பேய், செய்வினை என்று நம்பிய குடும்பங்கள் நோயாளிகளை அழைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அப்படியிருக்க, தலைவிரித்து ஆடும் பெண்ணைக் கட்டிப்போட்டு வேப்பிலையால் அடிப்பதைத் தீர்வாகவும், அந்த அடியைச் சிரிப்பாகவும் காட்டுகிறவர்களுக்கு ஏர்வாடி நினைவிருக்கிறதா என்று கேட்கிறோம். பேய்க் கதையில் மந்திரவாதி வரலாம். ஆனால் அடிதான் மருந்து என்று காட்டும் ஒவ்வொரு காட்சியும் ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு பெண்ணின் முதுகில் விழும்.

பயமுறுத்தும் தொழிலிலாவது இந்தப் படங்கள் நேர்மையாக இருக்கின்றனவா? இல்லை. பத்து நொடி அமைதி, பிறகு காதைக் கிழிக்கும் பின்னணி இசை, திரை முழுக்க ஒரு முகம். இது உடம்பின் அனிச்சைத் துள்ளல். பட்டாசு வெடித்தாலும் துள்ளுவோம். வீட்டைப் பற்றிய பயம் வர வேண்டுமானால் முதலில் அந்த வீடு நமக்குப் பழக வேண்டும். கூடம் எங்கே, அடுக்களை எங்கே, இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் எந்த இருட்டைக் கடக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். நம் பேய் பங்களாக்களில் வாசல் ஒரு ஊரில், மாடி ஒரு செட்டில், கிணறு இன்னொரு செட்டில் இருக்கின்றன. எந்த அறையும் மனத்தில் தங்குவதில்லை. இருபது பேர் கொண்ட குடும்பம் என்று காட்டுகிறார்கள். படம் முடியும்போது யார் யாருக்கு என்ன உறவு என்றுகூட நமக்குத் தெரிவதில்லை. அவர்களுக்கு என்ன ஆனால் நமக்கென்ன?

இதற்கு மாறாக, 2009-இல் விக்ரம் குமார் எடுத்த ‘யாவரும் நலம்’ படத்தில் பங்களா இல்லை, ஜமீன் இல்லை. கடன் வாங்கி வாங்கிய ஒரு அடுக்குமாடி வீடு. அந்த வீட்டில் பால் திரிகிறது. சாமி படம் மாட்ட ஆணி இறங்க மறுக்கிறது. லிஃப்ட் கதாநாயகனுக்கு மட்டும் வேலை செய்வதில்லை. பக்கத்து வீட்டுப் பார்வையற்றவரின் நாய் நிலைப்படியைத் தாண்ட மறுக்கிறது. வீட்டுப் பெண்கள் தினமும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையே ஓடிக்கொண்டிருக்கிறது. பி.சி. ஸ்ரீராமின் கேமரா அந்தச் சாதாரண வீட்டை விட்டு விலகாமல் நின்று நம்மை நடுங்க வைத்தது. நடுத்தரக் குடும்பம் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீடே அதற்கு எதிரியாவது என்ற பயம், நாம் அறிந்த பயம்.

அப்படி ஒரு படத்தை இந்தக் காலத்திலும் எடுக்க முடியும் என்பதற்கு 2022-இல் வந்த ‘பூதகாலம்’ சாட்சி. ராகுல் சதாசிவனின் அந்த மலையாளப் படத்தில் இருப்பது ஒரு வாடகை வீடு, ஒரு தாய், வேலை கிடைக்காத ஒரு மகன், பாட்டியின் சாவு. மகனுக்கு மனநோயா, வீட்டில் ஏதேனும் இருக்கிறதா என்று தெரியாமல் படத்தின் பெரும்பகுதி நகர்கிறது. பேய் கடைசியில்தான் முகம் காட்டுகிறது. அதற்கு முன்பே, தாயும் மகனும் ஒருவரையொருவர் நம்பாமல் ஒரே கூரையின் கீழ் வாழ்வது நம்மைக் குலைத்துவிடுகிறது. தமிழர்கள் நன்கறிந்த ரேவதி அந்தத் தாயாக நடித்துக் கேரள அரசு விருது பெற்றார். இரண்டு நடிகர்களும் ஒரு வீடும் போதுமென்றால், நம் படங்களின் இத்தனை கோடிகள் எதற்கு?

குடும்பத்தோடு பார்க்கிறார்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கிறது, சாட்டிலைட் உரிமை போகிறது, பேய்ப் படம் மினிமம் கியாரண்டி என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஆனால் ‘பீட்சா’வும் ‘டிமான்ட்டி காலனி’யும் ‘மாயா’வும் பெரிய நட்சத்திரக் கூட்டமும் ஜமீன் திருவிழாவும் இல்லாமல்தான் ஓடின. மக்கள் ரசனையைக் குறை சொல்லித் தப்பிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. கடையில் ஒரே பண்டத்தை வைத்துவிட்டு, வாங்குகிறவருக்கு இதுதான் பிடிக்கிறது என்று சொல்வது வாதமாகாது.

எனவே கேட்கிறோம்.

முதலாவதாக, செத்துப்போன பெண்ணுக்கு இருபது நிமிடப் பிளாஷ்பேக் மட்டும் கொடுப்பதை நிறுத்துங்கள். அவள் வாழ்ந்ததையும் விரும்பியதையும் சொல்லுங்கள். அவளை அழித்ததில் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் என்ன பங்கு என்பதைக் கதையின் முதல் காட்சியிலிருந்தே தேடுங்கள். வில்லன் செத்ததும் வீட்டுக்கு விடுதலை கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவதாக, பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணைக் கட்டுவதையும் அடிப்பதையும் மருந்தாகவோ வேடிக்கையாகவோ காட்டாதீர்கள். மனநோய் கதையில் வந்தால் மனநல மருத்துவரைக் கலந்து எழுதுங்கள்.

மூன்றாவதாக, மதிப்புப் பெற்ற ஒரு படத்தின் பெயரை இரண்டாம் பாகத்துக்கு எடுத்தால் அதன் பொருளுக்கும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

நான்காவதாக, திரைப்படச் சட்டத் திருத்தத்தின்படி வந்துள்ள யு/ஏ 7+, 13+, 16+ என்ற வயது வகைகளைச் சுவரொட்டியிலும் தொலைக்காட்சி ஒளிபரப்பின் தொடக்கத்திலும் பெற்றோர் படிக்கும் அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். கொலையும் சித்திரவதையும் நிறைந்த படத்தைக் குழந்தைகளின் விடுமுறைக் கொண்டாட்டம் என்று விளம்பரம் செய்யாதீர்கள்.

இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. தேவைப்படுவது எழுத்து மேசையில் கூடுதலாகச் சில மாதங்கள், பார்வையாளர் மீது மரியாதை, சொந்தக் குடும்பங்களின் பாவங்களைக் கண்ணெடுத்துப் பார்க்கும் துணிவு. இவை இல்லாமல் அடுத்த பாகம் வந்தால், அதையும் பெயர் சொல்லிக் கண்டிப்போம்.