பெயரை மாத்தினா போதுமா?

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்ட். அதன் வரலாற்றை எங்கே படிச்சாலும் ஹீரோ என்ட்ரி மாதிரிதான் ஆரம்பிக்கும். மாசசூசெட்ஸிலிருந்து விரட்டப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ், யாரும் எந்த மதத்தையும் பின்பற்றலாம்னு சொல்லி 1636-ல் பிராவிடன்ஸ் நகரை உருவாக்கினார். 1772-ல் காஸ்பி என்ற பிரிட்டிஷ் கப்பலைக் கொளுத்தினாங்க. 1776 மே 4-ம் தேதி, அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, மன்னருக்கு இனி விசுவாசம் இல்லைன்னு அறிவிச்சாங்க.

எல்லாம் உண்மைதான். ஆனா காஸ்பியைக் கொளுத்தத் தலைமை தாங்கிய ஜான் பிரவுன் ஓர் அடிமை வியாபாரி!

இன்னும் இருக்கு. பத்து வருஷத்துக்கு மேல் யாரையும் அடிமையா வெச்சிருக்கக் கூடாதுன்னு 1652-லேயே அங்கே ஒரு சட்டம் வந்தது. யாரும் அதை மதிக்கல. அடுத்த நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்குப் போன அமெரிக்க அடிமைக் கப்பல்களில் பாதிக்கு மேல் இந்தக் குட்டி மாநிலத்துக் கப்பல்கள்தான்.

ஜானின் தம்பி மோசஸ் பிரவுன் நேர் எதிர். 1773-ல் தன் அடிமைகளை விடுவிச்சார், அண்ணனையே எதிர்த்தார். நான் மெக்கானிக்கல் என்பதால் அடுத்த பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நூற்பு இயந்திரங்களின் நுட்பம் வெளியே போகாம பிரிட்டன் சட்டம் போட்டுக் காத்துச்சு. சாமுவேல் ஸ்லேட்டர் அதை மனசுலயே ஏத்திக்கிட்டுக் கப்பல் ஏறி வந்துட்டார். அவருக்குப் பணம் போட்டவர் இதே மோசஸ். 1790-ல் பாடக்கெட்டில் தண்ணீர் விசையில் நூல் நூற்க ஆரம்பிச்சாங்க. வேலை பார்த்தது சின்னப் பசங்க. அந்த மாநிலத்து மில்கள் பெருகப் பெருக, உள்ளே போன பஞ்சு? தெற்கே அடிமைகள் பறிச்சது. அடிமை முறையை வெறுத்தவரின் முதலீடும் கடைசியில் அங்கேதான் போய் நின்னுச்சு. இயந்திரத்தைப் பத்தி மணிக்கணக்கா பேசுற நாம, மூலப்பொருள் எங்கிருந்து வருதுன்னு கேட்கிறோமா?

மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பெயரில் 'பிராவிடன்ஸ் பிளாண்டேஷன்ஸ்' என்பதும் இருந்தது. அங்கே அந்தச் சொல்லுக்கு 'குடியேற்றம்'னுதான் அர்த்தம். ஆனாலும் கேட்கிறவங்களுக்கு அடிமைத் தோட்டம்தானே ஞாபகம் வரும்? 2010 வாக்கெடுப்பில் அதை நீக்க மக்கள் மறுத்தாங்க, 2020-ல் நீக்கினாங்க. தப்பில்லை. ஆனா ஒரு லெட்டர்ஹெட்டை மாத்துறது சுலபம்.

அதைவிடக் கஷ்டமான வேலையை அங்கிருக்கும் ஒரு பல்கலைக்கழகம் செஞ்சது. பிரவுன் குடும்பத்தின் பெயரையே தாங்கி நிற்கும் பிரவுன் பல்கலைக்கழகம்தான் அது. அதன் அப்போதைய தலைவர் ரூத் சிம்மன்ஸ் அடிமைகளின் வழி வந்தவர். 2003-ல் அவர் ஒரு குழு போட்டார். தங்கள் கல்லூரிக்கு அடிமை வியாபாரத்தோடு இருந்த தொடர்பை அந்தக் குழு தோண்டி எடுத்து, 2006-ல் ஊரறிய வெளியிட்டது. இப்போ அந்த வளாகத்தில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கு. மண்ணில் பாதி புதைஞ்ச இரும்புக் குண்டு, அதிலிருந்து எழும் அறுந்த சங்கிலி. மாணவர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போறாங்க.