நேஸ்பியில் வென்றவர் யார்?

1645ஆம் ஆண்டு யூன் 14ஆம் நாள், இங்கிலாந்தின் நேஸ்பிக் கிராமத்தருகே, முதலாம் சாள்ஸ் மன்னனின் படை பாராளுமன்றப் படையிடம் முற்றாகத் தோற்றது. இப்போரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இருவரையே சுற்றிவருவர். குறோம்வெல்லின் நிதானம் வென்றது. இளவரசன் றூப்பேட்டின் அவசரம் தோற்றது என்பர். வரலாறென்பது தளபதிகளின் குணநலப் பட்டியல்தானா?

றூப்பேட்டின் குதிரைப்படை, அயர்ட்டன் நடத்திய இடப்புற அணியைச் சிதைத்துவிட்டுப் பொதிவண்டிகள் வரை ஓடியது உண்மை. குறோம்வெல்லின் குதிரைவீரர் வெற்றி மயக்கத்திற் சிதறாது திரும்பி, மன்னனின் காலாட்படையைத் தாக்கியதும் உண்மை. ஆனால், அவர்கள் திரும்பும்வரை களத்தின் நடுவே மாற்றானைத் தாங்கி நின்றவர் யாவர்? முன்வரிசை பின்தள்ளப்பட்ட போதும், பின்வரிசையிலிருந்த காலாட்கள் நிலைபெயராது நின்றனர். அக்காலாட்களுட் பலர் கட்டாயமாகப் பிடித்துச் சேர்க்கப்பட்டோர். அவர்களுக்கு நாட்சம்பளம் 8 பென்ஸ். அதுவும் நிலுவையில் நின்றது.

அப்படையைப் புனிதமாக்க நாம் முனையவில்லை. தோற்றோடிய படையுடன் வந்த பெண்களுள் நூற்றுவரையேனும் வென்றவர்கள் வெட்டிக் கொன்றனர். அக்கறையை மறைப்பவன் மக்களின் வரலாற்றை எழுதத் தகுதியற்றவன்.

எனினும், வெற்றியின் விளைவு யாரைச் சேர்ந்தது என்ற வினா எஞ்சுகின்றது. நிலுவையை முற்றாகத் தீர்க்காமலே படையைக் கலைக்கப் பாராளுமன்றம் 1647இல் முற்பட்டது. அவ்வாண்டின் இறுதியில், பட்னித் தேவாலயத்தில் வீரரின் பிரதிநிதிகள் வாக்குரிமை கேட்டனர். ஆளப்படும் ஏழைக்கும் ஆள்வோரைத் தெரியும் உரிமை உண்டென்று றெயின்ஸ்பரோ வாதாடினான். சொத்துடையோருக்கே அவ்வுரிமை என்று மறுத்தவன் அயர்ட்டன். நேஸ்பியிலே காயமுற்றுச் சிறைப்பட்டு, அச்சாமானியர் ஈட்டிய வெற்றியினால் மீண்ட அதே அயர்ட்டன்! உயிரைக் கேட்கும்போது அவன் சொத்துக் கணக்குப் பார்த்தானா?

1649 சனவரியில் மன்னனின் தலை வீழ்ந்தது. அதே ஆண்டு மே மாதத்தில், பேர்போட் தேவாலய வளவில், கிளர்ந்தெழுந்த வீரர் மூவரைப் பாராளுமன்றப் படையின் தலைமையே சுட்டுக் கொன்றது. ஐந்து மாதத்துள் இரு தீர்ப்புகள்: முடிக்கு ஒன்று, முடியை வீழ்த்தியவனுக்கு மற்றொன்று.

மன்னனின் எதேச்சாதிகாரம் தளர்ந்தது பெரும் பேறன்றோ எனச் சிலர் கேட்பர். பேறுதான்; அதனை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் அப்பேற்றைப் பங்கிட்டவர் நிலமும் வணிகமும் உடையோர். சொத்துத் தகுதியின்றி வயதுவந்த ஆண்கள் யாவர்க்கும் பிரித்தானியாவில் வாக்குரிமை கிடைத்தது 1918இல். பெண்களுக்கு அது சமமாகக் கிடைத்தது 1928இல். நேஸ்பியிலிருந்து எண்ணிப் பாருங்கள்.

ஆதலின், நேஸ்பியைக் கற்பிப்போர் பட்னியையும் பேர்போட்டையும் சேர்த்தே கற்பிக்கட்டும். களத்தில் நின்றவனின் வினாவை நீக்கிவிட்டு எழுதப்படும் போர் வரலாறு, அவனுக்கு இழைக்கப்படும் இரண்டாவது வஞ்சனையாகும்.