காட்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்து

அரக்கோணத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் காட்பாடி. நம் பக்கத்து ஊரான வேலூரில் சி.எம்.சி. மருத்துவர்கள் 22 முதல் 41 வயது வரையிலான, கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேருக்கு அவரவர் ஸ்டெம் செல்லையே மருந்தாக்கிக் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவு வந்தது. ஐவரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள். அதில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த நோயைப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 8 இவர்களிடம் இருக்க வேண்டிய அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அடிபடாமலே முழங்காலுக்குள் ரத்தம் இறங்கி மூட்டு பந்துபோல் வீங்கும். ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டே ஊசிக்கு ஓட வேண்டும். போட்ட ஃபேக்டரும் சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் அதை இலவசமாகத் தருகின்றன, நல்லதுதான். ஆனால் அது ஆயுள் முழுக்கத் தொடரும் செலவு.

ஒருவரின் செல்லை எடுத்து, பழுதில்லாத மரபணுவை ஒரு வைரஸ் மூலம் செலுத்தி, அவருக்கே திருப்பித் தரும் சிகிச்சையைக் கடையில் வாங்க முடியாது. அது மருத்துவமனையின் கைவேலை. ஆகவே இறக்குமதி மருந்துக்குப் பணம் கட்டும் கணக்கில் இதைப் பார்க்காமல், இங்கேயே செய்யும் ஆய்வகங்களுக்கு அரசு முதலிட வேண்டும் என்பது என் வாதம். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. வாழ்நாள் முழுக்க என்சைம் ஊசி தேவைப்படும் குழந்தைக்கு அது கரைந்துவிடும். அதே பணம் ஒருமுறைச் சிகிச்சையில் எவ்வளவோ தூரம் போகும். ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் உருவாக்கி, 2023இல் அனுமதி பெற்ற ரத்தப் புற்றுநோய்ச் செல் சிகிச்சையும் இதே வழிதான். அமெரிக்க விலையில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு அது கிடைக்கிறது.

ஐந்து பேரை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பது நியாயம். இதே குடும்பத்து வைரஸைக் கொண்டு வேறொரு மூளை நோய்க்குச் சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. செல்லைத் திருப்பித் தருவதற்கு முன் கொடுக்கும் கீமோவும் லேசானதல்ல. அதனால்தான் நிதானமாக விரிவாக்கச் சொல்கிறேன். டயாலிசிஸ் வரிசை நீளும்போது சிலருக்காக இவ்வளவா என்பார்கள். அந்தச் சிலருக்கு இன்றும் ஃபேக்டருக்காகச் செலவழிக்கிறோம், அதுவும் முடிவில்லாமல். இப்படிச் சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க மருந்து ஆணையம். மருந்து கடல் தாண்டி வந்தால் அத்தனை ஆண்டு யார் பின்தொடர்வார்கள்? வேலூரில் செய்தால், அரக்கோணம் அரசு மருத்துவமனையில் எடுத்த ரத்தம் அன்று மாலைக்குள் அங்கே போய்ச் சேரும்.